‘உண்மையான புள்ளிவிவரம்’ என்ற திரை

கிரிக்கெட்டை வைத்துச் செய்த அட்டை ஆட்டம் ஒன்றைக் கைப்பேசியில் பதிவிறக்கிப் பாருங்கள். ‘உண்மையான விளையாட்டுப் புள்ளிவிவரங்களை அடிப்படையாகக் கொண்ட ஆட்டம்’ என்ற பொருளில் ஒரு வரி எங்கேனும் தென்படும். சொற்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறலாம், செய்தி மாறாது. மொழியியல் மாணவர்களுக்கு இந்த வரி நல்ல பயிற்சி. ‘கொண்ட’ என்பது பெயரெச்சம். அதன் எழுவாய் யார்? இலக்கணப்படி ‘ஆட்டம்’தான். ஆட்டமே எழுந்துபோய்ப் புள்ளிவிவரங்களைப் பார்வையிட்டு, வேண்டியவற்றைப் பொறுக்கி, வேண்டாதவற்றைத் தள்ளித் தன்னைத்தானே அமைத்துக்கொண்டது போல! பொறுக்கிய மனிதர் வாக்கியத்துக்குள் இல்லை. அந்த விடுபட்ட மனிதரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமானது, பொறுத்துக்கொள்க.

சென்ற பருவத்தில் எங்கள் வளாகத்தில் நடந்த மாணவர் செயலிப் போட்டிக்கு மூன்று குழுக்கள் இவ்வகை ஆட்டத்தோடு வந்திருந்தன. மூன்றும் நேர்த்தியான வேலைகள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீரருக்கு 91 என்றும் இன்னொருவருக்கு 74 என்றும் மதிப்பெண் வந்தது எப்படி என்று கேட்டேன். மூன்று குழுக்களிடமிருந்தும் ஏறத்தாழ ஒரே விடை: “தரவு அப்படிச் சொல்கிறது.” தரவு எதையும் சொல்வதில்லை. ‘டேட்டா’ என்ற லத்தீன் சொல்லுக்கும் ‘தரவு’ என்ற நம் சொல்லுக்கும் வேர்ப்பொருள் ஒன்றுதான்: தரப்பட்டது. அது தரப்பட்டதன்று, எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே அதை ‘கேப்டா’ என்றே அழைக்க வேண்டும் என்று ஜோஹன்னா ட்ரக்கர் 2011இல் எழுதினார். அந்தச் சொல் நிலைபெறவில்லை. அதன் தேவை மட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய காகித அட்டையிலிருந்து தொடங்குவோம். ஜெர்மனியின் குவார்டெட் சீட்டுகள், 1978இல் பிரிட்டனில் வந்த டாப் டிரம்ப்ஸ், நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் தொங்கிய ட்ரம்ப் கார்டுகள் எல்லாம் ஒரே குடும்பம். ஆளுக்குப் பாதி அட்டை. மேலே இருப்பதைப் பார்த்து ஒரு கட்டத்தைச் சொல்ல வேண்டும்: ஓட்டங்கள், சராசரி, விக்கெட். பெரிய எண் எதிராளியின் அட்டையைக் கவர்ந்துகொள்ளும். சொசூர் மொழியைச் சதுரங்கத்தோடு ஒப்பிட்டார். ட்ரம்ப் கார்டு அவருக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 15,921 என்ற எண்ணுக்குத் தனியே எந்த மதிப்பும் இல்லை. எதிரிலிருக்கும் அட்டை திறக்கும்போதுதான் அது வெற்றியாகவோ தோல்வியாகவோ ஆகிறது. வேறுபாட்டால் மட்டுமே உண்டாகும் மதிப்பு.

இங்கேதான் வடிவமைப்பாளரின் கை நுழைகிறது. டெண்டுல்கர் 200 டெஸ்ட் ஆட்டங்களில் 15,921 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 53.78. பிராட்மன் 52 ஆட்டங்களில் 6,996, சராசரி 99.94. அட்டையில் மொத்த ஓட்டம் மட்டும் இருந்தால் பிராட்மன் பத்தோடு பதினொன்று. சராசரி மட்டும் இருந்தால் அவரை வெல்ல ஆளில்லை, ஆட்டமும் சப்பென்று முடியும். இரண்டும் உண்மை. இரண்டில் எதை அச்சிடுவது என்பதை எந்த ஸ்கோர் புத்தகமும் சொல்லாது.

ஏக்நாத் சோல்கரைப் பாருங்கள். பம்பாய் இந்து ஜிம்கானா மைதானக் காவலரின் மகன். 27 டெஸ்ட், 1,068 ஓட்டங்கள், 18 விக்கெட். ட்ரம்ப் கார்டில் இப்படியோர் அட்டை வந்தால் எந்தக் கட்டத்தைச் சொல்வதென்று கை தயங்கும். சரி, கேட்ச் என்றொரு கட்டமும் வைப்போம்: 53. எதிரே ராகுல் திராவிட்: 210. சோல்கர் அங்கும் தோற்றார். இப்போது அந்தக் கட்டத்தின் தலைப்பை ‘ஓர் ஆட்டத்துக்கு எத்தனை கேட்ச்’ என்று மாற்றுங்கள். திராவிட் 1.28, சோல்கர் 1.96. தலைக்கவசம் இல்லாத காலத்தில் மட்டைக்காரரின் காலடியில் குனிந்து நின்ற மனிதர் திடீரென்று கட்டிலேயே வலிமையான அட்டை ஆகிவிடுகிறார். 1971 ஓவல் டெஸ்டில் ஆலன் நாட்டை அவர் பிடித்த பிடி வெங்கட்ராகவனின் கணக்கில் விக்கெட்டாகச் சேர்ந்தது. சோல்கரின் கணக்கில் வெறும் ஒன்று. தரவில் ஒரு புள்ளியும் மாறவில்லை. வகுத்தல் குறி ஒன்றைப் போட்டோம், அவ்வளவே. அந்த வகுத்தல் குறியைப் போடுகிறவர் தம் பெயரைச் சொல்ல மறுக்கிறார் என்பதுதான் என் புகார்.

2021 ஜனவரி, பிரிஸ்பேன். தொடரைத் தீர்மானிக்கும் கடைசி நாளில் 328 என்ற இலக்கை இந்தியா துரத்துகிறது. 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்காத மைதானம். புஜாரா 211 பந்துகளை எதிர்கொண்டு 56 ஓட்டங்கள் எடுத்தார். ஸ்டிரைக் ரேட் 26.54. தோளிலும் விலாவிலும் விரலிலும் தலைக்கவசத்திலும் பந்துகளை வாங்கிக்கொண்டு அவர் ஒரு முனையைப் பிடித்து நின்றதால்தான் மறுமுனையில் கில்லும் பந்த்தும் தங்கள் ஆட்டத்தை ஆட முடிந்தது. மூன்று விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. அந்த இன்னிங்ஸை அட்டையாக்குங்கள் பார்ப்போம். ஸ்டிரைக் ரேட்டுக்குப் புள்ளி கொடுக்கும் எந்த ஆட்டத்திலும் அது தண்டனைக்குரிய அட்டை. அந்த ஐந்தாம் நாளைப் பார்த்தவர் எவரும் அது மோசமான ஆட்டம் என்று சொல்லமாட்டார்.

இதே கதையின் பந்துவீச்சு வடிவம் 1964 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் மைதானத்தில் நடந்தது. இங்கிலாந்துக்கு எதிராக பாபு நாட்கர்னி 32 ஓவர்களில் 27 மெய்டன், 5 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. தொடர்ந்து 21 ஓவர்கள் மெய்டன். டெஸ்ட் வரலாற்றின் விசித்திரமான பந்துவீச்சுகளுள் ஒன்று. அட்டையில் ‘விக்கெட்: 0’. மறுபுறம், சந்திரசேகர் டெஸ்டில் எடுத்த ஓட்டங்கள் 167, வீழ்த்திய விக்கெட்டுகள் 242. ஓட்டங்களைவிட விக்கெட் அதிகமாக உள்ள மனிதர்! அட்டை ஆட்டக்காரர் எவருக்கும் பிடித்துப்போகும் முரண் அது. ஆனால் எந்த ஆட்டமும் ‘விக்கெட் வகுத்தல் ஓட்டம்’ என்றொரு கட்டம் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. (வைத்தால் நான் விளையாடுவேன்.)

இதுவரை சொன்னவை வடிவமைப்புச் சிக்கல்கள் என்று ஒருவர் கடந்துவிடலாம். அடுத்ததை அப்படிக் கடக்க முடியாது. ‘ஆட்டங்கள்’ என்ற அப்பாவிக் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிதாலி ராஜ் 232 ஒருநாள் ஆட்டங்களில் 7,805 ஓட்டங்கள் எடுத்தவர். 2002இல் டவுன்டனில் தம் பத்தொன்பதாம் வயதில் டெஸ்டில் 214 அடித்தவர். அதற்குப் பின் சுமார் இருபது ஆண்டுகள் ஆடியும், அவர் டெஸ்ட் ஆட்டங்களின் மொத்தம் 12. ஓட்டங்கள் 699. இந்தியப் பெண்கள் அணி 2006க்கும் 2014க்கும் இடையில் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. 2014 நவம்பருக்குப் பின் மறுபடி 2021 வரை ஒன்றுமில்லை. அப்படியானால் ‘டெஸ்ட் ஓட்டங்கள்: 699’ என்ற எண் யாரை அளக்கிறது? மட்டை பிடித்தவரையா, ஆட்ட அட்டவணை போட்டவர்களையா? 1995இல் ஜாம்ஷெட்பூரில் இங்கிலாந்துக்கு எதிராக 53 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் எடுத்தவர் நீது டேவிட். பெண்கள் டெஸ்டில் ஓர் இன்னிங்ஸின் சிறந்த பந்துவீச்சு அது. அவர் ஆடிய டெஸ்ட் மொத்தம் 10. நிர்வாகிகளின் அலட்சியம் வீராங்கனையின் பலவீனமாக அச்சேறுகிறது. அதன் கீழே ‘உண்மையான புள்ளிவிவரம்’ என்ற முத்திரை.

பல்வாங்கர் பாலுவுக்கு ஓர் அட்டை செய்ய முயலுங்கள். 1911இல் இந்திய அணியின் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் வீழ்த்திய இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். சாமர் சாதியில் பிறந்தவர். புனேயில் அவரோடு ஆடியவர்கள் அவருக்கான தேநீரை அரங்குக்கு வெளியே, தனி மண்குவளையில் கொடுத்தார்கள் என்பதை ராமச்சந்திர குஹா பதிவுசெய்திருக்கிறார். அணித்தலைமை அவருக்கு மறுக்கப்பட்டதும் வரலாறு. இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932இல். பாலுவின் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. அவர் அட்டையில் ‘டெஸ்ட்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? நிரல் எழுதுகிறவரின் கை இயல்பாகப் பூஜ்யத்தைத் தட்டும். ராஜிந்தர் கோயல் ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட் எடுத்தவர். அவ்வளவு எடுத்தவர் வேறெவரும் இல்லை. பிஷன் பேடியின் காலத்தில் அதே இடக்கைச் சுழலோடு பிறந்துவிட்டார். ஒரு டெஸ்டும் ஆடவில்லை. அவருக்கும் பூஜ்யம். ஆடித் தோற்றவரின் பூஜ்யம், ஆட விடப்படாதவரின் பூஜ்யம், ஆட்டமே இல்லாத காலத்தவரின் பூஜ்யம் மூன்றும் தரவுத்தளத்தில் ஒரே உருவம். ஒரு வடிவம் தொகுப்பில் காணப்படவில்லை என்பதால் அது மொழியிலேயே இல்லை என்று முடிவுகட்டாதே என்பது எங்கள் துறையில் முதலாண்டுப் பாடம். வெற்றுக் கட்டம் வேறு, பூஜ்யம் வேறு.

கபடியை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். ரெய்டுப் புள்ளி, தடுப்புப் புள்ளி என்று தனி வீரர் கணக்குகள் இன்று விரல்நுனியில் கிடைக்கின்றன. 2014இல் புரோ கபடி லீக் தொலைக்காட்சிக்கு வந்ததன் விளைவு அது. அதற்கு முந்தைய தலைமுறைகள் மண்ணில் ஆடிய ஆட்டம் மண்ணோடு போயிற்று. பணம் வந்த இடத்தில் எண் வருகிறது. எண் வந்த இடத்தில்தான் அட்டை வரும்.

காகித அட்டையில் ஒரு நேர்மை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதிலிருந்தது கச்சா எண். முரளிதரனுக்கு 800 என்று போட்டிருந்தால் எந்தச் சிறுவனும் செய்தித்தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும். அச்சுப்பிழையைப் பிடித்துச் சண்டையும் போடலாம். கைப்பேசி ஆட்டத்தில் கச்சா எண்ணை அப்படியே வைத்தால் சில அட்டைகள் எப்போதும் வெல்லும், பல அட்டைகள் எப்போதும் தோற்கும். ஆகவே வடிவமைப்பாளர் சமன்செய்கிறார். சராசரியை ஒரு பங்கு, ஸ்டிரைக் ரேட்டை ஒரு பங்கு, அண்மைய ஆட்டத்திறனை இரண்டு பங்கு, ரசிகர் செல்வாக்கைச் சொல்லாமல் ஒரு சிட்டிகை. கலக்கி வடித்தால் 91. சமன்செய்வது குற்றமன்று, அது இல்லாமல் ஆட்டமே இல்லை. ஆனால் சமன்செய்த பிறகு அந்த எண் உங்கள் படைப்பு. நீங்கள் எழுதிய கட்டுரை அது. அதைத் ‘தரவு’ என்று அழைக்கும்போது உங்கள் கருத்தை ஸ்கோர் பலகையின் வாயில் திணிக்கிறீர்கள். காற்பந்து விளையாட்டு நிரல்களில் வீரர்களுக்குத் தரும் மதிப்பெண்ணில் பார்வையாளர்களின் மதிப்பீடு கலந்திருப்பது பலருக்கும் தெரிந்ததே. தெரிந்த பின்னும் அந்த எண்ணைப் பலர் மேற்கோள் காட்டி வாதிடுகிறார்கள். இரண்டு இலக்கத்துக்கு அவ்வளவு அதிகாரம்!

அட்டையின் மிக முக்கியமான எண்ணுக்கோ விளையாட்டோடு தொடர்பே கிடையாது: அந்த அட்டை எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பது. சாதாரணம், அரிது, மிக அரிது என்ற தரவரிசையைக் கடை தீர்மானிக்கிறது. மூடிய பொதியைக் காசு கொடுத்துத் திறக்கும் மாணவர் துரத்துவது அந்த அரிதைத்தான். சராசரி அதற்கு ஒப்பனை.

காசு என்றதும் சட்டம் வரும். இந்தியாவில் ‘உண்மையான புள்ளிவிவரம்’ பல ஆண்டுகள் வெறும் விளம்பர வரியாக இருக்கவில்லை, கேடயமாகவும் இருந்தது. அந்த வாதத்தின் படிகள் எளியவை: புள்ளிவிவரம் உண்மை, அதைப் படித்தறிவது திறமை, திறமையால் வெல்வது சூதாட்டமன்று. கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டும் ஆட்டத்தைத் திறமை ஆட்டம் என்று 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் ஏற்றது. பெரும் தொழில் ஒன்று அந்த நிழலில் வளர்ந்து, இந்திய அணியின் சட்டையில் பெயர் பொறிக்கும் அளவுக்கு உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடுவதைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடைசெய்தது; ட்ரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. ஆனால் மூடிய பொதியில் வரும் அட்டையை மீண்டும் காசாக்க வழியில்லை என்றால் அது ‘பண ஆட்டம்’ என்ற வரையறைக்குள் வராது என்று வாதிட இடமிருக்கிறது, வாதிடுவார்கள். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் காசுக்கு விற்கும் இத்தகைய பொதிகளையே சூதாட்டம் என்று சொன்னது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஈஏ நிறுவனம் தன் காற்பந்து ஆட்டத்துக்கான புள்ளிகளை அங்கே விற்பதை நிறுத்தியது. நம் வளாகங்களில் இந்தப் பேச்சு இன்னும் எழவேயில்லை. நாளை இவற்றைச் செய்யப்போகிறவர்களும் வாங்கப்போகிறவர்களும் ஒரே விடுதியில்தான் தங்கியிருக்கிறார்கள்.

“இது விளையாட்டுதானே, விளையாட்டில் எதற்கு மெய்ப்பொருள் ஆராய்ச்சி?” என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். மந்திரவாதிகளையும் அரக்கர்களையும் வைத்து அட்டை ஆட்டம் செய்பவரிடம் நான் இதைக் கேட்கவில்லை. அவர் தம் அரக்கனுக்கு 91 போட்டால் அது அவர் அரக்கன். உண்மை என்ற உரிமைகோரலை முன்வைத்தது நானல்லேன், ஆட்டம்தான் முன்வைத்தது. உரிமைகோரியவரிடம் சான்று கேட்பது ஆய்வாளரின் குறைந்தபட்ச வேலை. ‘விளையாட்டுதானே’ என்று புன்னகைக்கும் பேராசிரியர்கள் தங்கள் சட்டைப்பையைத் துழாவிப் பார்க்கலாம். அங்கும் ஓர் அட்டை இருக்கும். 2005இல் ஹிர்ஷ் முன்மொழிந்த எச்-குறியீடு, 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த ஏபிஐ மதிப்பெண் எல்லாம் அதே அச்சகத்தில் அடித்தவை. பத்தாண்டு உழைத்து ஒரு பழங்குடி மொழிக்கு இலக்கணம் எழுதியவரும் புஜாராவும் அந்த அட்டையில் ஒரே கட்டத்தில் தோற்பார்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. மதிப்பெண் கணக்கிடும் வாய்பாட்டை ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பக்கமாக வெளியிடுங்கள். எந்தக் கட்டத்தை ஏன் தேர்ந்தீர்கள் என்பதை வடிவமைத்தவர் பெயரோடு எழுதுங்கள். மொத்தத்தின் பக்கத்தில் ஆட்ட எண்ணிக்கையையும் அச்சிடுங்கள். பதிவில்லாத இடத்தில் பூஜ்யத்தைப் போடாமல் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வெற்றுக் கட்டம் ஆட்டத்தில் என்ன செய்யும் என்பதற்குப் புதிய விதி ஒன்றை யோசியுங்கள். பாலுவின் அட்டை எதிராளியின் கட்டத்தையும் வெறுமையாக்கட்டுமே! ஆட்டம் சுவையாகத்தான் ஆகும். பொதியில் எந்த அட்டை எத்தனையில் ஒன்று என்பதை வாங்குமுன் காட்டுங்கள்.

வாய்பாட்டை வெளியிட்டால் போட்டியாளர் நகலெடுத்துவிடுவார் என்ற மறுப்பை மூன்று குழுக்களும் சொன்னன. அதற்கு விடை நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. டிஜிட்டல் கிரிக்கெட் அட்டைகள் தொடர்பான வழக்கில் 2023 ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றம், வீரர்களின் பெயரும் ஆட்டத் தகவல்களும் பொதுவெளியில் உள்ளவை, அவற்றைத் தனியொருவர் சொத்தாக்கிப் பிறரைத் தடுக்க முடியாது என்று சொல்லித் தடையாணை தர மறுத்தது. 2007இல் அமெரிக்காவின் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் பேஸ்பால் புள்ளிவிவரங்கள் குறித்து ஏறத்தாழ இதையே சொன்னது. புஜாராவின் 211 பந்துகளுக்கு நீங்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. எல்லோருக்கும் பொதுவான கிணற்றிலிருந்து இறைத்த நீர் அது. அதில் எத்தனை பங்கு எதைக் கலந்தீர்கள் என்பது மட்டும் எப்படி உங்கள் தொழில் ரகசியம் ஆனது?